உயிருடன் விற்கப்படும் உணவு: மெய்ன் கடற்கரைச் சிங்கி இறாலின் வரலாறு

உணவின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரிசி, கோதுமை, சர்க்கரை, மிளகு, தேயிலை ஆகிய பொருள்களையே எடுத்துக்கொள்கின்றனர். அவை உலர்ந்தவை, மூட்டையிலும் பெட்டியிலும் அடங்குபவை, மாதக்கணக்கில் கப்பலின் அடித்தளத்தில் கிடந்தாலும் எளிதில் கெடாதவை. எனவே அவற்றின் வரலாறு வணிகத்தின் வரலாறாகவும் பேரரசுகளின் வரலாறாகவும் விரிவது இயல்பே. உயிர் பிரிந்த சிறிது நேரத்திலேயே கெடத் தொடங்கும் உணவுகளுக்கும் வரலாறு உண்டு என்பதை அறிஞர் பலர் பிற்காலத்திலேதான் கருத்தில் கொண்டனர். வடஅமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில், சிறப்பாக மெய்ன் மாநிலக் கரையில், பிடிக்கப்படும் சிங்கி இறால் அத்தகையதோர் உணவு. ஒரு காலத்தில் உண்பதற்கு நாணப்பட்ட இப்பொருள் பின்னர்ச் செல்வர் உணவாயிற்று. அதன் சுவையில் எம்மாற்றமும் நிகழவில்லை. அதனை உயிருடன் அடுப்பு வரை கொண்டுசேர்க்கும் வழிகள் மட்டுமே மாறின. அவ்வழிகளின் வரலாற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயர் குறித்து ஒரு சொல் கூற வேண்டும். இறா, இறவு என்னும் சொற்கள் சங்க இலக்கியத்தின் நெய்தல் பாடல்களிலேயே பயின்று வருகின்றன. தமிழகக் கரையில் சிங்கி இறால், கல் இறால் என்றெல்லாம் வழங்கப்படும் உயிரிக்குப் பெருங்கொடுக்குகள் இல்லை; முள் நிறைந்த, உடலினும் நீண்ட உணர்கொம்புகளே அதன் அடையாளம். மெய்ன் கரையின் உயிரியோ இரண்டு பெருங்கொடுக்குகளை உடையது. அவையும் ஒன்றுபோல் இரா. ஒன்று பருத்து, மழுங்கிய பற்களுடன் சிப்பிகளை நொறுக்க உதவும்; மற்றது மெலிந்து, கூரிய பற்களுடன் இரையைக் கிழிக்க உதவும். உயிரியலார் இவ்விரண்டையும் வெவ்வேறு குடும்பங்களில் வைப்பர். தமிழில் இரண்டிற்கும் ஒரே பெயர் வழங்குவதால் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே சுட்ட வேண்டியதாயிற்று. இனி இக்கட்டுரையில் சிங்கி இறால் என்பது, வேறு குறிப்பு இல்லாத இடத்து, கொடுக்குடைய அமெரிக்க இனத்தையே குறிக்கும்.

பெருக்கமும் இகழ்ச்சியும்

1620ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து சென்று பிளிமத்தில் குடியேறியோரின் தலைவர்களுள் ஒருவர் வில்லியம் பிராட்ஃபோர்டு. 1623ஆம் ஆண்டில் மேலும் சிலர் கப்பலில் வந்து இறங்கியபோது, அவர்களுக்கு அளிக்கத் தம்மிடம் இருந்த சிறந்த விருந்து சிங்கி இறாலோ ஒரு துண்டு மீனோ மட்டுமே என்றும், உடன் உண்ண ரொட்டி கூட இல்லை என்றும், பருக ஊற்றுநீர் தவிர வேறில்லை என்றும் அவர் எழுதி வைத்துள்ளார். இன்றைய வாசகர்க்கு இது பெருவிருந்தாகத் தோன்றும். எழுதியவருக்கோ அது வறுமையின் விளக்கம். ரொட்டியும் மாட்டிறைச்சியும் உண்டு வளர்ந்த ஆங்கிலேயர்க்கு, கரையில் குனிந்து பொறுக்கிய உணவை விருந்தினர்க்குப் படைப்பது தலைகுனிவாக இருந்தது.

1634ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட வில்லியம் வுட் என்பார் மேலும் தெளிவாகக் கூறுகிறார். நீர் வற்றும் வேளையில் பாறைகளுக்கிடையே இவை ஏராளமாகக் கிடைக்கும் என்றும், சில 20 பவுண்டு எடை உடையவை என்றும், நல்ல உணவாயினும் மிகுதியாகக் கிடைப்பதாலேயே மதிக்கப்படுவதில்லை என்றும் அவர் குறிக்கிறார். அக்கரையின் தொல்குடி மக்கள் இவற்றைப் பெரும்பாலும் தூண்டிலுக்கு இரையாகக் கொண்டனர் என்பதும் அவர் தரும் செய்தியே. பொருளின் மதிப்பு அதன் அருமையைப் பொறுத்தது என்னும் உண்மையைப் பொருளியல் நூல்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே கடற்கரையில் நின்ற ஒருவர் உணர்ந்து எழுதியது வியப்பிற்குரியது.

இவ்விடத்தில் எங்கும் பரவியுள்ள ஒரு கதையைக் குறிப்பிட வேண்டும். வாரத்திற்கு இரண்டு அல்லது மூன்று முறைக்கு மேல் சிங்கி இறால் உண்ணக் கொடுக்கக் கூடாது என்று அக்காலப் பணியாளர்கள் தம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினர் என்பது அக்கதை. உணவக விளம்பரங்களிலும் சுற்றுலா ஏடுகளிலும் இதனைக் காணலாம். ஆயின் அத்தகைய ஒப்பந்தம் ஒன்றையும் தேடியோர் கண்டெடுத்திலர். இதே கதை இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் சால்மன் மீனைப் பற்றிச் சொல்லப்படுவதால், இதனை ஊர் ஊராய் அலையும் பழங்கதை எனக் கொள்ளலே பொருந்தும். விலை மிகுந்த ஒன்றை உண்பவர்க்கு, அதனை ஒரு காலத்தில் ஏழை மறுத்தான் என்று கேட்பதில் ஓர் இன்பம் இருக்கிறது போலும். கதை மறையாமல் வாழ்வதற்கு அதுவே காரணமாகலாம்.

இகழ்ச்சிக்கு மிகுதி மட்டும் காரணமன்று. இறந்த சிங்கி இறாலின் செரிமானச் சுரப்பியில் உள்ள நொதிகள் தசைக்குள் ஊடுருவி அதனைக் குழையச் செய்கின்றன. உடலில் இயல்பாகவே உள்ள நுண்ணுயிர்களும் விரைந்து பெருகுகின்றன. மாட்டிறைச்சியை உப்பிட்டு வைக்கலாம். காட் மீனை உலர்த்தி ஐரோப்பாவிற்கும் கரீபியத் தீவுகளுக்கும் அனுப்பலாம். சிங்கி இறாலுக்கு இவ்வழிகள் பொருந்தவில்லை. கரையில் உள்ளோர் மட்டுமே அதனைப் புதிதாக உண்ண இயன்றது; அவர்களுக்கோ அது சலித்துப் போன உணவு. விரும்பக் கூடியவர்கள் தொலைவில் இருந்தனர். அவர்களிடம் அது சென்று சேர வழியில்லை.

துளையிட்ட படகும் தகரப் பெட்டியும்

முதல் வழியைத் திறந்தது ஒரு விந்தையான படகு. அதன் நடுப்பகுதியில் நீர் புகாத தடுப்புகளால் ஒரு தொட்டி அமைத்து, அத்தொட்டியின் அடிப்பலகையில் வேண்டுமென்றே துளைகள் இட்டனர். படகு செல்லச் செல்லக் கடல்நீர் துளைகளின் வழியே புகுந்து வெளியேறிக்கொண்டிருக்கும். தொட்டியில் உள்ள சிங்கி இறால்கள் நூற்றுக்கணக்கான மைல் கடந்தும் உயிருடன் இருக்கும். நியூயார்க், பாஸ்டன் நகர்களுக்கு அருகில் இருந்த நீர்ப்பரப்புகளில் பிடிப்பு குறையத் தொடங்கியபோது, 1820களில் கனெக்டிகட், மாசசூசெட்ஸ் பகுதிகளின் இத்தகைய படகுகள் வடக்கே மெய்ன் கரையை நாடி வந்தன. அதுவரை தன் வீட்டுத் தேவைக்காகப் பிடித்த மீனவன் விற்பதற்காகப் பிடிக்கலானான். மெய்ன் கரையில் இத்தொழில் ஒரு தொழிலாக அமைந்தது இதன் பின்னரே.

இரண்டாவது வழி முற்றிலும் வேறானது. 1840களில் மெய்னின் ஈஸ்ட்போர்ட் ஊரில் சிங்கி இறாலை அவித்துத் தகரப் பெட்டிகளில் அடைக்கும் முயற்சி வெற்றி கண்டது. அடுத்த சில பத்தாண்டுகளில் கரை நெடுகிலும் இருபதுக்கும் மேற்பட்ட ஆலைகள் எழுந்தன. உயிருடன் கொண்டு செல்லும் தேவையே ஆலைகளுக்கு இல்லை. இலண்டன் மாநகரின் கடைகளிலும் மெய்ன் தகரப் பெட்டிகள் விற்றன. பொருள் எங்கும் பரவிற்று. ஆனால் பெருமை பெறவில்லை. பெட்டியில் இருந்த இறைச்சி உப்பும் நாரும் கலந்த மலிவான உணவாகவே கருதப்பட்டது.

ஆலைகளின் பசி கடலின் அடித்தளத்தை மாற்றிற்று. தொடக்கத்தில் மூன்று நான்கு பவுண்டு எடையுள்ளவற்றையே வாங்கிய ஆலைகள், அவை அருகியபோது இரண்டு பவுண்டுக்கும், பின்னர் ஒரு பவுண்டுக்கும் கீழே இறங்கின. இனப்பெருக்கம் செய்யும் பருவத்தை எட்டாத குஞ்சுகளும் தகரத்திற்குள் சென்றன. 1872ஆம் ஆண்டில், சினை தாங்கிய பெண் உயிரியைப் பிடிக்கக் கூடாது என்று மெய்ன் சட்டம் இயற்றிற்று. இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னர்க் குறைந்தபட்ச நீளமும் வகுக்கப்பட்டது. சட்டங்கள் கடுமையானபோது சிறு உயிரிகளை நம்பி நடந்த ஆலைகள் இலாபம் இழந்தன. 1890களின் நடுவில் மெய்ன் மாநிலத்தில் அத்தொழில் முடிவுற்றது. ஆலைக்காரர்கள் இச்சட்டங்களை எதிர்த்தனர் என்பதும், உயிருடன் விற்ற வணிகர்கள் அவற்றை ஆதரித்தனர் என்பதும் நோக்கத்தக்கன. பெரிய உயிரி யாருக்கு வேண்டுமோ அவர் பக்கமே நீதியும் நின்றது என்று இதனை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் விளைவு நன்றாகவே அமைந்தது.

இதற்கிடையே மூன்றாவது வழி வளர்ந்துகொண்டிருந்தது. 1875ஆம் ஆண்டில் வினால்ஹேவன் தீவில் ஒரு சிறு கடல்நீர்க் கழியின் வாயைத் தடுத்து, ஏற்றவற்றத்தில் நீர் மாறிக்கொண்டிருக்குமாறு அமைத்து, அதனுள் சிங்கி இறால்களை உயிருடன் தேக்கி வைத்தனர். கோடையில் மலிவாக வாங்கி, குளிர்காலத்தில் விலை ஏறியபோது விற்கும் வாய்ப்பு இதனால் உண்டாயிற்று. இரயிலும் பனிக்கட்டியும் துணைசெய்தன. ஈரக் கடற்பாசிக்கிடையே குளிர்ச்சியாக வைத்தால் சிங்கி இறால் நீரின்றியும் ஒரு நாளுக்கு மேல் உயிர்தரிக்கும்; செவுள் ஈரமாக இருந்தால் போதும்.

செல்வரின் மேசை

பொருள் நகரத்தை நாடியது போலவே நகரத்தார் பொருளை நாடி வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாஸ்டன், நியூயார்க், பிலடெல்ஃபியா நகரங்களின் செல்வர்கள் கோடையைக் கழிக்க மெய்ன் கரையில் மாளிகைகள் கட்டினர். உள்ளூரார் தம் குழந்தைகளுக்கு மதிய உணவாகக் கொடுத்தனுப்ப நாணிய பொருளை இவர்கள் ஆர்வத்துடன் கேட்டு வாங்கினர். ஊர் திரும்பிய பின்னும் அதனைத் தேடினர். 1900ஆம் ஆண்டையொட்டி நியூயார்க்கின் பிராட்வே வீதியில் எழுந்த ஆடம்பர இரவு உணவகங்கள் இவ்வுயிரியின் பெயராலேயே 'சிங்கி இறால் அரண்மனைகள்' என்று அழைக்கப்பட்டன. நாடகம் முடிந்து வரும் கூட்டத்திற்கு ஷாம்பெயின் மதுவுடன் அது பரிமாறப்பட்டது.

நகரச் சமையலாளர்கள் பாலாடை, முட்டைக்கரு, மது சேர்த்துச் செய்த பண்டங்கள் பல. அவற்றுக்குச் சூட்டிய பெயர்கள் அதனினும் பல. அவை இங்கு விரிவாக வேண்டா. பிடித்த இடத்திற்கு அருகில் அது எவ்வாறு வாங்கப்பட்டு, சமைக்கப்பட்டு, உண்ணப்படுகிறது என்பதே பின்னர் விளக்கப்படும். அதற்கு முன் அளவுகோலைப் பற்றிக் கூற வேண்டும்.

அளவுகோலும் வெட்டுக்குறியும்

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிடிப்பு குறைந்துகொண்டே வந்தது. 1930களில் மெய்ன் மாநிலத்தின் ஆண்டுப் பிடிப்பு 60 இலட்சம் பவுண்டு அளவிற்குச் சரிந்தது. அதே வேளையில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வாங்குவோரையும் குறைத்தது. இத்துன்பக் காலத்திலேதான், 1933ஆம் ஆண்டில், மெய்ன் ஒரு புதுமையான சட்டத்தை ஏற்றது. சிறியவற்றை மட்டுமன்றி மிகப் பெரியவற்றையும் பிடிக்கக் கூடாது என்பது அச்சட்டம். ஒரு பவுண்டு எடையுள்ள பெண் உயிரி சுமார் 8,000 முட்டைகள் இடும். ஒன்பது பவுண்டு எடையுள்ளது ஓர் இலட்சத்திற்கு மேல் இடும். எனவே முதிய தாய்களைக் கடலிலேயே விடுவது அறிவுடைமை என்பது இச்சட்டத்தின் பொருள்.

இன்று ஒவ்வொரு மீனவனின் படகிலும் பித்தளையால் ஆன ஒரு சிறு அளவுகோலைக் காணலாம். கண்குழியிலிருந்து முதுகு ஓட்டின் பின்விளிம்பு வரை அளக்க வேண்டும். 3¼ அங்குலத்திற்குக் குறைந்தாலும், 5 அங்குலத்தைத் தாண்டினாலும் கடலில் இட்டுவிட வேண்டும். சினை தாங்கிய பெண் உயிரி கிடைத்தால், வாலின் துடுப்பு ஒன்றில் கத்தியால் ஆங்கில எழுத்தாகிய 'வி' வடிவில் ஒரு வெட்டுக்குறி இட்டு விடுவிப்பர். சினை உதிர்ந்த பின்னும், ஓடு ஒன்றிரண்டு முறை கழன்ற பின்னும் அக்குறி நிற்கும். பிற்காலத்தில் வேறொருவர் கூட்டில் அது அகப்பட்டாலும், சினை இல்லாவிடினும், 'இது தாய்' என்று அறிந்து விட்டுவிட வேண்டும். அறியாத ஒருவர்க்காக அறியாத மற்றொருவர் எழுதி அனுப்பும் மடல் அது என்று சொன்னால் மிகையாகாது.

சட்டம் மட்டும் இதனைக் காத்ததாகக் கருத இயலாது. ஜேம்ஸ் அக்கெசன் என்னும் மானிடவியலார் 1988ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், ஒவ்வொரு துறைமுகத்தாரும் தமக்குரிய கடற்பரப்பை எழுதாச் சட்டத்தால் காத்து வந்ததை விளக்கியுள்ளார். அயலான் கூடு இட்டால் முதலில் அதன் கயிற்றில் ஒரு முடிச்சு எச்சரிக்கையாக விழும். மீண்டும் இட்டால் கயிறே அறுபடும். நடுநிலையாளர்க்கு இது முரட்டுத்தனமாகத் தோன்றலாம். ஆயினும் 'நம் நீர்' என்னும் உணர்வே, பெரிய தாயைத் திருப்பி விடும் மனத்தையும் தந்தது.

கூட்டின் அமைப்பும் குறிப்பிடத்தக்கது. மரச்சட்டத்தாலும் பின்னாளில் கம்பி வலையாலும் ஆன அக்கூட்டில் இரண்டு அறைகள் உண்டு. இரை தொங்கும் முதல் அறைக்கு 'சமையலறை' என்றும், உள்ளே சென்று சிக்கும் இரண்டாம் அறைக்கு 'வரவேற்பறை' என்றும் மெய்ன் மீனவர் பெயரிட்டுள்ளனர். அது பொறி என்றே நெடுங்காலம் நம்பப்பட்டது. 2001ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு கூட்டிற்குள் ஒளிப்படக் கருவி வைத்துப் பார்த்தது. உள்ளே நுழைந்தவற்றுள் நூற்றுக்கு 6 மட்டுமே பிடிபட்டன, ஏனையவை தின்றுவிட்டு வெளியேறின. கூடு பொறியாக இருந்ததைக் காட்டிலும் அன்னசத்திரமாகவே இருந்தது. சிறியவை தப்பிச் செல்லத் தனித்துளை வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே இளங்குஞ்சுகள் மனிதன் இட்ட இரையிலேயே வளர்ந்தன எனலாம்.

தெரிந்து வாங்குதல்

கரையோரக் கடையில் சிங்கி இறால் வாங்குவோர் முதலில் நோக்க வேண்டியது உயிர். முதுகு ஓட்டைப் பற்றித் தூக்கினால் அது வாலைப் படீரென உள்நோக்கி மடக்க வேண்டும். கொடுக்குகளை உயர்த்த வேண்டும். கொடுக்கும் வாலும் தளர்ந்து தொங்குவதை வாங்கலாகாது. கொடுக்குகளைச் சுற்றி இரப்பர் வளையம் இட்டிருப்பர். முன்னாளில் கொடுக்கின் மூட்டில் மர ஆப்பு செருகுவது வழக்கம். அது சதையைப் புண்படுத்தியதால் வழக்கொழிந்தது. வளையம் வாங்குவோரின் விரலுக்காக மட்டும் அன்று. நெருக்கமாக அடைத்து வைத்தால் இவை ஒன்றையொன்று தாக்கித் தின்னும் இயல்புடையவை.

அடுத்து ஓடு. சிங்கி இறால் வளர்வதற்கு ஓட்டைக் கழற்ற வேண்டும். விற்பதற்குரிய அளவை எட்ட ஆறேழு ஆண்டுகள் செல்லும், அதற்குள் இருபது முறைக்கு மேல் ஓடு மாற்றும். மெய்ன் கரையில் பெரும்பாலானவை கோடையில் ஓடு மாற்றுகின்றன. புதிய ஓட்டுக்குள் உடல் இன்னும் நிறையாமல், நீரே மிகுந்திருக்கும். ஆகவே ஜூலை முதல் இலையுதிர் காலம் வரை மென்னோட்டு வகை மலிவாகக் கிடைக்கும். எடைக்கு எடை பார்த்தால் சதை குறைவு. ஆயினும் அதுவே இனிப்பும் மென்மையும் மிக்கது என்பர் உள்ளூரார். கையாலேயே உடைத்துவிடலாம். வன்னோட்டு வகை சதை நிறைந்தது, நெடும்பயணம் தாங்குவது. தொலைதூர நகரத்தார் உண்பது பெரும்பாலும் இவ்வகையே. கரைக்கு வருவோர் மட்டுமே மென்னோட்டுச் சுவையை அறிவர். இன்றும் கூட தூரம் தன் வரியை வாங்கிக்கொள்கிறது.

எடையைப் பொறுத்துக் கடைக்காரர் பெயர்களும் மாறும். ஒரு பவுண்டு உடையதைக் 'கோழிக்குஞ்சு' என்பர். ஒரு கொடுக்கை இழந்தது கழிவு என்று பெயர் பெற்று விலை குறையும். சுவையில் அதற்குக் குறைவில்லை, சிக்கனமாக உண்ண நினைப்போர் அதனையே தேடி வாங்குவர். மிகப் பெரியது சுவையற்றது என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. அளவறிந்து வேகவைத்தால் அதுவும் நன்றாகவே இருக்கும். வீட்டிற்குக் கொண்டு வந்ததும் நல்ல நீரில் இடுவது பெரும்பிழை. கடல்நீரின் உப்பில்லாத நீர் அதன் உடலுக்குள் புகுந்து அதனைக் கொன்றுவிடும். ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, அன்றே சமைத்தல் வேண்டும்.

கொதிநீரும் மனச்சான்றும்

சமைக்கும் முறை எளியது. பெரிய பாத்திரத்தில் கடல்நீரோ, கடல்நீர் அளவிற்கு உப்பிட்ட நீரோ கொதிக்க வேண்டும். தலை முன்னதாக இட்டு மூடி, மீண்டும் கொதி வந்தபின் ஒன்றேகால் பவுண்டு எடைக்குச் சுமார் பத்து நிமிடம் வைக்க வேண்டும். மென்னோடாயின் ஓரிரு நிமிடம் குறைக்கலாம். ஆவியில் வேகவைப்போர் இரண்டு விரல் உயரம் நீர்விட்டு, மேலே கடற்பாசி பரப்பி, சில நிமிடம் கூடுதலாக வைப்பர். சதை நீர் குடிக்காமல் இருப்பதால் இதுவே சிறந்தது என்பது பலர் துணிபு. கடற்கரையில் குழி தோண்டி, கற்களைத் தீயில் காய்ச்சி, பாசியும் சிப்பியும் சோளக்கதிரும் உருளைக்கிழங்கும் அடுக்கி ஒருங்கே வேகவைக்கும் விருந்தும் உண்டு.

உயிருடன் இருக்கையில் கரும்பச்சையும் பழுப்பும் கலந்த நிறமுடையது வெந்தபின் செக்கச் சிவந்துவிடும். செந்நிறப் பொருள் ஓட்டில் முன்னமே உள்ளது. அதனைப் பிணித்து நிறத்தை மறைத்திருக்கும் புரதம் வெப்பத்தால் குலையச் சிவப்பு வெளிப்படுகிறது. சிவந்ததும் வெந்துவிட்டது என்று எண்ணி எடுத்துவிடலாகாது. உணர்கொம்பைப் பற்றி இழுத்தால் எளிதில் கழன்று வருவது பழைய சோதனை.

இங்குதான் வேறெவ்வுணவிலும் இல்லாத ஒரு தருணம் நேர்கிறது. நகரத்தான் ஆட்டையோ கோழியோ தன் கையால் கொல்வதில்லை. கடையில் துண்டுகளாக வாங்குகிறான். சிங்கி இறாலை வாங்கியவனோ தன் அடுக்களையிலேயே அதனைக் கொல்ல வேண்டியவனாகிறான். பாத்திரத்திலிருந்து எழும் சீறல் ஓட்டிலிருந்து வெளியேறும் ஆவியின் ஒலியே, குரல்வளை அதற்கில்லை. ஆயினும் வால் பாத்திரத்தின் சுவரில் மோதும் ஓசையை ஆவி என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. 1948ஆம் ஆண்டு முதல் மெய்னின் இராக்லண்டு ஊரில் நடைபெற்றுவரும் சிங்கி இறால் திருவிழாவைப் பற்றி எழுத அனுப்பப்பட்ட டேவிட் ஃபாஸ்டர் வாலஸ், 2004ஆம் ஆண்டில் ஓர் உணவு இதழில் வெளியிட்ட கட்டுரையில் இவ்வினாவையே எழுப்பினார். உணவின் இன்பத்தைப் படிக்க வந்த வாசகர் பலர் கலங்கினர்.

அதன் பின்னர்ச் சட்டங்களும் மாறின. 2018ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்து, உணர்விழக்கச் செய்யாமல் உயிருடன் கொதிநீரில் இடுவதைத் தடைசெய்தது. 2022ஆம் ஆண்டில் பிரித்தானியச் சட்டம், நண்டு, சிங்கி இறால் இனங்களும் துன்பத்தை உணரக் கூடியவை என ஏற்றது. ஒரே வெட்டில் உயிர் போக்குவதும் எளிதன்று. மனிதனைப் போல் ஒரே மூளையை நம்பி வாழ்வதன்று அது, நரம்புத் திரள்கள் உடல் நெடுகிலும் பரவியுள்ளன. பனிக்கட்டியில் அரைமணி நேரம் வைத்து மரத்துப்போகச் செய்து, பின்னர்க் கூரிய கத்தியால் தலையை நடுவே பிளந்து, உடனே கொதிநீரில் இடுவதைச் சமையலாளர் பலர் இன்று கைக்கொள்கின்றனர். புத்துணவை விரும்புவோர் அதன் விலையில் இதனையும் சேர்த்தே எண்ண வேண்டும். கடைக்காரரிடம் கொடுத்து அவித்து வாங்கிவிட்டால் பொறுப்பு அவருடையதாகிவிடாது.

உண்ணும் முறை

உண்ணுதற்குக் கத்தியும் முள்ளும் போதா. மேசையில் செய்தித்தாள் விரித்து, கழுத்தில் துணி கட்டிக்கொண்டு, கையால் உண்பதே மரபு. அமெரிக்கச் செல்வர் நாணமின்றிக் கையால் உண்ணும் அரிய உணவுகளுள் இது ஒன்று. முதலில் கொடுக்குகளைத் திருகி எடுக்க வேண்டும். வழியும் நீரைக் கிண்ணத்தில் ஏந்தலாம். கொட்டை உடைக்கும் இடுக்கியால் ஓட்டை நெரித்துச் சதையை முழுதாக உருவ வேண்டும். கொடுக்கிற்கும் உடலுக்கும் இடைப்பட்ட கணுக்களில் உள்ள சிறு துண்டுகளே எல்லாவற்றிலும் இனியவை; அறியாதோர் எறிந்துவிடுவர். வாலைத் திருகிப் பிரித்து, நுனித் துடுப்புகளை முறித்து, அவ்வழியே விரலால் தள்ளினால் முழுச் சதையும் வெளிவரும்; முதுகில் ஓடும் குடலை நீக்கிவிட வேண்டும். மெல்லிய கால்களைப் பல்லால் கடித்து உறிஞ்சுவோர் பொறுமைசாலிகள். பெண் உயிரியில் செந்நிறச் சினை இருந்தால் அது விருந்தினுள் விருந்து. பச்சை நிற ஈரலை முன்னாளில் பெருஞ்சுவையாகப் போற்றினர். கடல்நீரின் நச்சுகள் அங்கேயே தேங்குவதால் அதனை உண்ணாதிருக்குமாறு மெய்ன் சுகாதாரத் துறையினர் அறிவுறுத்துகின்றனர்.

துணையாக உருக்கிய வெண்ணெய். அதில் சிறிது எலுமிச்சைச் சாறு. அதற்கு மேல் மசாலை ஏதும் வேண்டாம் என்பது கரையோரத்தாரின் உறுதியான கொள்கை. இஞ்சியும் மிளகும் பழகிய நாவிற்கு முதலில் இது வெறுமையாகத் தோன்றலாம். சில மணி நேரம் முன்பு கடலில் இருந்த சதைக்குத் தன் உப்பும் தன் இனிப்பும் உண்டு. மசாலை பெரும்பாலும் தூரத்தையும் காலத்தையும் மறைக்கவே தோன்றியது என்று கருத இடமுண்டு. எஞ்சிய சதையை மறுநாள் சிறிது வெண்ணெயோ முட்டைக் குழம்போ கலந்து ரொட்டிக்குள் வைத்து உண்பர். ஒரு காலத்தில் பள்ளிச் சிறுவன் மறைத்துத் தின்ற அதே உணவு இன்று வழியோரக் கடைகளில் முப்பது டாலருக்கும் விற்கிறது.

மிகுதி மீண்டும்

1950கள் முதல் 1980கள் வரை மெய்ன் பிடிப்பு ஆண்டுக்கு 2 கோடி பவுண்டு அளவில் நிலைத்திருந்தது. பின்னர் ஏறத் தொடங்கியது. தாய்களைக் காத்தது ஒரு காரணம்; குஞ்சுகளைத் தின்னும் காட் மீன்கள் மனிதனால் அழிந்தது மற்றொன்று; கடல் வெப்பமாதல் மூன்றாவது. 2012ஆம் ஆண்டின் வெப்பமான வேனிலில் சிங்கி இறால்கள் வழக்கத்திற்கு மிக முன்னரே ஓடு மாற்றிக் கரையை நாடின. மென்னோட்டு வகையைப் பதப்படுத்தும் ஆலைகள் பெரும்பாலும் கனடாவில் இருந்தன. அவற்றால் அவ்வளவையும் ஏற்க இயலவில்லை. ஆண்டின் சராசரி விலை பவுண்டுக்கு 3 டாலருக்குக் கீழே விழுந்தது. மலிவான மெய்ன் பொருள் தம் பிழைப்பைக் கெடுப்பதாக நியூ பிரன்சுவிக் மீனவர்கள் ஆலைகளின் வாயிலை மறித்தனர். வில்லியம் வுட் எழுதியது 378 ஆண்டுகளுக்குப் பின் துறைமுகத்தில் மெய்யாயிற்று. ஆனால் நகர உணவகங்களின் விலைப்பட்டியலில் எண் குறையவே இல்லை.

2016ஆம் ஆண்டில் பிடிப்பு 13 கோடி பவுண்டைத் தாண்டி உச்சம் தொட்டது, பின்னர் இறங்குமுகமாயிற்று. தெற்கே லாங் ஐலண்டு நீரிணையில் 1999ஆம் ஆண்டில் கூட்டங்கூட்டமாக இறந்து சரிந்த தொழில் இன்றுவரை மீளவில்லை. மெய்ன் வளைகுடா உலகின் பெரும்பாலான கடற்பகுதிகளினும் விரைவாக வெப்பமடைந்து வருவது ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது.

இளங்குஞ்சுகளின் எண்ணிக்கை குறைந்ததைக் கண்ட ஒழுங்குமுறைக் குழு, பிடிக்கும் குறைந்தபட்ச அளவை 3¼ அங்குலத்திலிருந்து ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு உயர்த்த 2023ஆம் ஆண்டில் முடிவு செய்தது. நகக்கண் அளவே உள்ள அவ்வுயர்வை மெய்ன் மீனவர் பலர் எதிர்த்தனர். சிறியவற்றை வாங்கும் சந்தை கனடாவிற்குப் போய்விடும் என்பது அவர்கள் அச்சம். 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாநிலம் அத்திட்டத்திலிருந்து பின்வாங்கியது; குழுவும் அதனைக் கைவிட்டது. பித்தளை அளவுகோல் பழைய அளவிலேயே இருக்கிறது. வாலில் வெட்டுக்குறி இடும் வழக்கமும் தொடர்கிறது.